மான் பட்டிக்கு நட்ட பூவரசங்கால்கள்

போன வாரம் எதிர்வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் கொழுக்கட்டை வந்தது. பூவரச இலையில் வைத்து அவித்தது. மூடியைத் திறந்ததும் வெந்த இலையின் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. வீட்டில் எல்லோரும் இலையை உரித்து எறிந்துவிட்டுக் கொழுக்கட்டையைத் தின்றார்கள். நான் இலையை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். "ஆடு மாதிரி அதையும் தின்னுராத" என்றார் வீட்டுக்காரர். ஆடு இல்லை, மான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பூவரச இலையைச் சுருட்டி பீப்பி ஊதாத பிள்ளை பாளையங்கோட்டையில் உண்டா? நானும் ஊதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓய்வுநாள் பள்ளி நடந்துகொண்டிருந்தபோது ஊதி, வெளியே நிறுத்தப்பட்டும் இருக்கிறேன். அந்த இலைக்கும் எனக்குமான சங்காத்தம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன், மணிமுத்தாறு பக்கம் ஒரு காட்டிலாகா அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சு வேலைக்குப் போகும்வரை.

காடு என்றதும் நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். புலி வாசலில் உறுமும், யானை ஜன்னல் வழியாகத் தும்பிக்கையை நீட்டும் என்றெல்லாம். கிடைத்தது விழுந்த மரங்களைப் பற்றிய கடிதங்களும், ஒரு எழுத்து சரியாக விழாத தட்டச்சு இயந்திரமும்தான். அலுவலகத்தில் ரேஞ்சர், வாட்சர் சுடலைமுத்து அண்ணாச்சி, அப்புறம் நான். ரேஞ்சர் கோயம்புத்தூர்க்காரர், ரொம்பப் பொறுமைசாலி. அண்ணாச்சிக்கும் பொறுமைக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒரு கோடைக்கால மத்தியானம், வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. அதன் பின்தொட்டியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புள்ளிமானின் தலை. அதன் கண்ணைத் தன் துண்டால் கட்டியிருந்தாள். அவள்தான் ஜெபக்கனி அக்கா. கால்வாய்க்கரையில் வாழை போட்டிருந்தவள். தண்ணீர் தேடி இறங்கி வந்த மானை நாய் விரட்டி, தொடையைக் கடித்துக் கிழித்து, கிணற்றில் தள்ளிவிட்டிருந்தது.

"யாரு நாயி?" என்றார் அண்ணாச்சி.

"எங்க வீட்டு நாய்தான் அண்ணாச்சி. இது பொழைக்காட்டி எனக்குச் சோறு எறங்காது" என்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மாட்டு டாக்டர் வந்து தையல் போட்டார். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, சினை என்றார். மானை ஜீப் கொட்டகையில் வைத்தோம். அங்கேதான் கஷ்டம் ஆரம்பித்தது. ஆள் அசைந்தால் மிரண்டது. ஜீப் உறுமினால் சுவரில் மோதியது. மேலிடத்தில் கேட்டதற்கு, வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் வேனில் ஏற்றித் தொலைதூரத்து மிருகக்காட்சிசாலைக்கு அனுப்புங்கள் என்று பதில் வந்தது. டாக்டர் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவ்வளவு தூரம் வேனில் போனால் பயத்திலேயே இதயம் நின்றுவிடும், தாயும் போகும், குட்டியும் போகும் என்றார்.

ரேஞ்சர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். "திங்கக்கெழம டாக்டர் திரும்பி வருவாருங்க. அதுக்குள்ள இங்கயே ஒரு பட்டி நிக்கோணும். இல்லீன்னா வண்டிதானுங்க."

பட்டி என்றால் வேலிக்குக் கால் வேண்டுமே. என்ன கால் நடுவது என்பதில்தான் முதல் ரகளை. கல்தூண் என்றார் ரேஞ்சர். மிரண்ட மான் கல்லில் மோதினால் கழுத்து முறியும் என்று டாக்டர் அதைத் தள்ளினார். சரி, நம்முடைய கிடங்கிலேயே தேக்கு கிடக்கிறதே என்று, எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு நானே ஒரு கடிதம் அடித்தேன். அதற்குப் பதில் வந்தபோது மான் குட்டி போட்டிருந்தது. அண்ணாச்சி உடைமரம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, ஒரு கட்டு வெட்டிக்கொண்டுவந்து போட்டார். வைரம் பாய்ந்த கட்டைதான், கோடரியே திணறும். ஆனால் ஒன்றாவது நேராக இருக்க வேண்டுமே! ஜெபக்கனி அக்கா ஒன்றை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்ன அண்ணாச்சி, நீங்க தூங்கி எந்திரிச்ச மாதிரி நிக்கி?"

அதற்கப்புறம் அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. "எங்க வாழைக்கு மேக்க பூவரசு வரிசையா நிக்கி. நேரா, தொடத்தண்டிக்கு இருக்கு. வெட்டிக்கிடுங்க." காற்றுக்கு மறைப்பாக வளர்த்த மரங்கள் அவை. ஆடிக் காற்றில் வாழை சாய்ந்துவிடாதா என்று ரேஞ்சர் கேட்டதற்கு, "சாஞ்சா சாயட்டும் சார், அடுத்த வருசம் வைப்பேன். இது அடுத்த வருசம் வருமா?" என்றாள்.

அண்ணாச்சி ஒவ்வொரு கம்பையும் தட்டிப் பார்த்தார். வண்டு துளைத்ததையும், கிளை பிரிந்த இடத்தில் வெடித்ததையும் கழித்தார். தான் கையைத் தூக்கி நின்றால் விரல் நுனிக்கும் மேலே ஒரு முழம் நிற்க வேண்டும், மண்ணுக்குள் தொடையளவு போக வேண்டும், அதுதான் கணக்கு. குழி தோண்டுவது லேசான வேலையில்லை. அது சரள் மண். கடப்பாரையைப் போட்டால் மணியடித்த மாதிரி திருப்பி அனுப்பும். நானும் ஒரு குழியில் கை வைத்தேன். அன்று அடித்த கடிதங்களில் பிழை கூடிவிட்டது என்று ரேஞ்சர் என்னை மறுபடி தட்டச்சுக்கே அனுப்பிவிட்டார்.

எந்த முனை கீழே போக வேண்டும் என்று இன்னொரு சண்டை. தலையைக் கீழே வைத்து நட்டால்தான் கட்டை உளுக்காது என்பது அண்ணாச்சியின் கட்சி. "அது செத்த கட்டைக்கு. இது பச்ச மரம்லா, மூடு கீழதான் இருக்கணும்" என்று அக்கா பிடித்த பிடியில் நின்றாள். மேல் முனைகளில் உருண்டை உருண்டையாகச் சாணி அப்பினாள். நான் ஏதோ சாமி காரியம் என்று நினைத்தேன். இவள் வேதக்காரி, கிறிஸ்தவளாயிற்றே, இதெல்லாம் உண்டா என்று கேட்டே விட்டேன். "வெட்டுவாய் காயாம இருக்கதுக்குட்டி, கிறுக்கி" என்றாள். குழியில் கம்பை நிறுத்தி, ஓடையிலிருந்து பொறுக்கிய கல்லைச் சுற்றிலும் திணித்து, சரளைத் தள்ளித் தண்ணீர் ஊற்றிக் கடப்பாரையின் முனையால் குத்திக் குத்தி இறுக்கினார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு காலையும் கட்டிப்பிடித்து உலுக்கிப் பார்ப்பார். அசையாவிட்டால்தான் அடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. அக்கா கோயில் முடிந்து வெள்ளைச் சேலையோடு நேரே வந்திருந்தாள். கம்பிவலை அடித்தாயிற்று. மூலைகளுக்குச் சாய்வாக முட்டுக்கால் கொடுத்தாயிற்று. நாய் அண்டாமல் வெளியே முள் அடைத்தாயிற்று. அக்கா முள்ளுக்கும் வேலிக்கும் நடுவே நின்று தோளைக் கொடுத்து வேலியை முட்டினாள், மாடு முட்டுகிற மாதிரியே. அண்ணாச்சி முட்டினார். ரேஞ்சரும் கூச்சப்பட்டுக்கொண்டே லேசாக ஒரு முட்டு முட்டினார். ஒன்றும் அசையவில்லை. எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

நான் உள்ளே தண்ணீர்த் தொட்டியை வைத்துவிட்டு, முதுகு வலிக்கிறதே என்று வலையில் சாய்ந்தேன்.

வேலி என்னோடு வந்தது. ஆணிகள் படபடவென்று தெறித்தன. நானும் வலையும் சேர்ந்து வெளியே போய் முள்ளில் விழுந்தோம். முள் அருமையான முள், அதற்கு நானே சாட்சி. ஜெபக்கனி அக்கா ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தவள், திடீரென்று கையை நிறுத்தினாள். சரிந்த வலையையும், உள்பக்கம் நின்ற முட்டுக்கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நாம மான வெளிய நிறுத்துத வேலியல்லா போட்டிருக்கோம்!"

அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மாடு வாழையில் வாய் வைக்கக் கூடாது, பன்றி கிழங்கைத் தோண்டக் கூடாது, இதற்குத்தானே அந்தப் பக்கத்தில் காலங்காலமாக வேலி போடுகிறார்கள்? மோதுகிறவன் வெளியேயிருந்துதான் வருவான். அதனால் வலை காலுக்கு வெளிப்பக்கம், முட்டு உள்பக்கம். கை பழகியபடியே போட்டுவிட்டது. உள்ளேயிருந்து முட்டப் போகிற ஒரு உயிருக்காக அவர்கள் அதுவரை வேலி போட்டதேயில்லை. வலை போகட்டும், அந்த முட்டுக்கால்களில் இடறினால் தையல் என்ன, எலும்பே போயிருக்கும்.

"இது எனக்குத் தோணாமப் போச்சே வே" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை நான் முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது, ரேஞ்சர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். வலை உள்பக்கம் வந்தது. முட்டுகள் வெளியே போயின. வெளியே இருப்பது மானுக்குத் தெரியாமல் வலை நெடுகிலும் ஓலைத்தட்டி கட்டினோம். டாக்டரின் பைக் சத்தம் கேட்டபோது அண்ணாச்சி கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார்.

மானை உள்ளே விட்டுக் கண்கட்டை அவிழ்த்ததும், அது நாலு கால் பாய்ச்சலில் போய் நேரே வேலியில் மோதியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். வலை காலில் அழுந்தி, மானைப் பைய ஊஞ்சல் மாதிரி திருப்பி விட்டது. இன்னொரு தரம் மோதியது. அப்புறம் நின்றது. காதைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது. ரேஞ்சர் உள்ளே போய்ப் போனை எடுத்து, "வண்டி வேண்டாமுங்க" என்றார். அந்தக் குரலை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு மழை பெய்தது. வேலிக்கால்கள் துளிர்த்தன. சாணியுருண்டைக்குக் கீழேயெல்லாம் பொடிப்பொடியாக இலை. வலைக்கு உள்ளே தாழ்ந்து நீண்ட துளிரை, வயிறு பெருத்த மான் பின்னங்காலில் எழும்பி நின்று கடித்துத் தின்னும். பிறகு குட்டியும் வந்தது. நான் சாப்பாட்டு நேரத்தில் ஒரு இலையைச் சுருட்டி பீப்பி ஊதினால், நான்கு காதும் ஒன்றாக என் பக்கம் திரும்பும். குட்டி தாய்க்கு ஈடுகொடுத்து ஓடத் தொடங்கியதும் ஒரு விடியற்காலையில் கதவைத் திறந்து வைத்தோம். தாய் வெகுநேரம் வாசலிலேயே நின்றது. குட்டிதான் முதலில் போனது.

இலை வாசனை சும்மா விடவில்லை, நேற்று பஸ் ஏறிப் போய்விட்டேன். அலுவலகம் எப்போதோ வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டதாம். சுடலைமுத்து அண்ணாச்சி இப்போது இல்லை. ஜெபக்கனி அக்கா இருக்கிறாள், வாய் கொஞ்சமும் குறையவில்லை. அந்த ஆடியில் வாழை பாதி சாய்ந்ததை இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

பட்டி இல்லை. கம்பி துருப்பிடித்து உதிர்ந்து போயிருந்தது, தட்டியும் முட்டும் மண்ணாகிப் போயிருந்தன. கதவு எந்தப் பக்கம் இருந்தது என்பதே தெரியவில்லை. நட்ட கால்கள் மட்டும் நான்கு வரிசையாகப் பெரிய மரங்களாகி, மஞ்சளும் சிவப்புமாகப் பூவை உதிர்த்துக்கொண்டு நின்றன. ஒரு மரத்தில் துண்டுக் கம்பியைப் பட்டை விழுங்கியிருந்தது. உதிர்ந்த பூவுக்கு நடுவே மான் புழுக்கை, காயாத புழுக்கை.

"சாஞ்சு நில்லுட்டி, இப்ப விழமாட்ட" என்றாள் அக்கா.

பயந்துகொண்டேதான் சாய்ந்தேன். மரம் அசையவில்லை. மேலே இலைகள் சலசலத்தன. "நான் இப்ப உள்ள நிக்கேனா, வெளிய நிக்கேனாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். "அதக் கேக்கதுக்கு இங்கன வேலி எங்கட்டி இருக்கு?"