முந்நூறு குதிரைக்கு எந்த கிராங்க்?

போன ஞாயிறு காலை, பெரியம்மா மகன் குமரன் அண்ணனிடமிருந்து போன். "கயல், உடனே சாரம் வீட்டுக்கு வா. ஒரு முக்கியமான முடிவு எடுக்கணும்."

வீடு வாங்குகிறாரோ என்று ஓடினேன். போனால்... போர்ட்டிகோவில் கார் இன்ஜின் பிரித்துப்போட்டுக் கிடக்கிறது!

பழைய செடானுக்கு, பவரைக் கூட்ட டர்போ மாட்டப்போகிறாராம். நான் மெக்கானிக்கல் படித்த பாவத்துக்கு, கிராங்க் ஷாஃப்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு.

தெரியாதவர்களுக்கு — பிஸ்டன்கள் மேலும் கீழுமாகக் குதிக்கின்றன அல்லவா? அந்தக் குதிப்பைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க். வெளியே தெரியாது. யாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க மாட்டார்கள். அதனாலேயே கடைசியில்தான் ஞாபகம் வரும். அண்ணன் வீட்டில் டர்போ வந்துவிட்டது, சைலன்சர் வந்துவிட்டது... பின் கண்ணாடிக்கு ஸ்டிக்கர்கூட வந்துவிட்டது!

"இதுல மூணு வகைண்ணா," என்றேன். கம்பெனி கொடுத்தது, வார்த்து எடுத்தது. சாதாரண ஓட்டத்துக்குப் போதும். பழுக்கக் காய்ச்சி அழுத்தி உருவாக்கிய ஃபோர்ஜ்டு ஸ்டீல், நன்றாகவே தாங்கும். முழு ஸ்டீல் கட்டியைக் கடைந்தெடுத்த பில்லட், அது ரேஸ்காரர்களுக்கு.

"எவ்ளோ பவர் வரும்? இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து, அதான் எவ்ளோ ஆர்.பி.எம். வரைக்கும் மிதிப்பீங்க? ரெண்டும் சொல்லுங்க."

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "முந்நூறு ஹார்ஸ்பவர்!"

அந்த நேரம் பார்த்து தேவி அண்ணி காபியோடு வந்தார்.

"...அவ்ளோலாம் எங்க வரப்போவுது? நூத்தியம்பது. மைலேஜுக்காகத்தான் பண்றோம்."

அண்ணி உள்ளே போனதும் மறுபடியும் முந்நூறு.

நண்பர்களுக்கு ஒரு நம்பர், மனைவிக்கு ஒரு நம்பர். எந்த வீட்டில் இல்லை? ஆனால் கிராங்குக்கு நிஜ நம்பர் வேண்டும். இன்ஜின் சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால், பிஸ்டன்கள் கிராங்கை இழுக்கும் இழுப்பு நான்கு மடங்கு. தாங்காவிட்டால் உடையும். உடையும்போது இன்ஜினையே துணைக்கு அழைத்துக்கொண்டு போகும் — பைபாஸில், பின்னால் லாரி வரும்போது!

"உண்மைய சொல்லுங்கண்ணா. இந்த ஊர்ல எங்க போயி மிதிக்கிறீங்க? சாயங்காலமானா பீச் ரோட்டுல வண்டியே விடமாட்டாங்க. மீதியெல்லாம் ஒன்வே, ஸ்பீடு பிரேக்கர்..."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நாலாயிரம் ஆர்.பி.எம். அதுக்கு மேல போனா கத்துதும்மா. பயமா இருக்கு."

அப்பாடா, உண்மை! "அப்போ டர்போவைக் கொஞ்சம் அடக்கி வெச்சிக்கலாம். உங்களுக்கு கம்பெனி கிராங்கே போதும்."

"யாருக்குப் போதும்?"

டம்ளர் எடுக்க வந்த அண்ணி. "தெனம் திண்டிவனம் ஸ்கூலுக்கு இந்த வண்டிய ஓட்டிக்கினு போறது யாரு? இவரா?"

"நீங்க எவ்ளோ வரைக்கும் அண்ணி...?"

"மீட்டர்ல முள்ளு செவப்புக் கோட்டைத் தொடும்ல? தொட்டதும் கியர் மாத்துவேன். லாரிய ஓவர்டேக் பண்ணணும்னா பின்ன இன்னா பண்றது?"

அண்ணனின் வாய் திறந்தது திறந்தபடி. "தேவி... அது ஆறாயிரத்து ஐநூறு!"

"தெரியுது. நம்பர் போட்டிருக்குல்ல. நீங்க உங்க நம்பரைச் சொல்லுங்க. முந்நூறா, நூத்தியம்பதா? ஃபிரெண்ட்ஸ்கிட்ட போன்ல கத்தினது கிச்சன் வரைக்கும் கேட்டுது."

"...முந்நூறு."

"அப்போ ஒடையாததா பாத்துப் போடு கயல். உள்ள உக்காரப்போறது நானு."

விசாரணை முடிந்தது. ஃபோர்ஜ்டு ஆர்டர் போட்டோம். பில்லட் வேண்டாம் என்றேன். என்ன இருந்தாலும் அது திண்டிவனம் ரோடுதான், ரேஸ் டிராக் இல்லை. அண்ணி அதை அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார்.

இன்ஜின் கட்டும் அண்ணன்மார்களே, எவ்வளவு பவர் என்பது இரண்டாவது கேள்வி. ஆக்சிலரேட்டரில் யார் கால் என்பதுதான் முதல் கேள்வி. அதை முதலில் வீட்டில் விசாரித்துவிடுங்கள்.

கிளம்பும்போது அண்ணன் கேட் வரை வந்து ரகசியமாகக் கேட்டார்: "பக்கத்து சீட்டுக்கு பெல்ட்டு... இதே மாதிரி ஸ்ட்ராங்கா கெடைக்குமா கயல்?"