பொழுதோடு சாப்பாடு

சாந்திராஜ் நயினாரைப் பிடிவாதக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால்கூடப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரிடம் "நீங்க உக்காருறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு தடவை பிடிவாதம் பிடித்தார். குடும்பத்தைப் பல்லாவரத்திலிருந்து கிளப்பிச் செஞ்சிக்குக் கொண்டுபோயே தீருவேன் என்று நின்றார். கொண்டுவந்தும் விட்டார். அதற்கப்புறம் பட்டதுதான் பெரும்பாடு.

எல்லாம் மகள் சந்தனாவுக்காக. ஏழு வயசு. பல்லாவரத்தில் அவர்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னாலேயே தோல் பதனிடும் இடம். அந்த நாற்றமும் புகையும் சேர்ந்து குழந்தைக்கு இளைப்பைக் கொண்டுவந்துவிட்டன. படுக்கவைத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். "மருந்து நான் குடுக்கலாம். நல்ல காத்து நீங்கதான் குடுக்கணும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சாந்திராஜ் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கிடங்கு பல்லாவரத்திலேயே, நடக்கிற தூரத்தில் இருந்தது. அறுபத்து நாலாம் வருஷம் கம்பெனி திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்தபோது, எல்லாரும் போகத் தயங்கிய அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திண்டிவனத்தில் அகப்பட்ட வீடோ அரிசி ஆலைக்கு அடுத்தாற்போல். உமித்தூசு பறந்ததில் சந்தனா வாசற்படியிலேயே இருமினாள். அப்போதுதான் செஞ்சியில் ஒரு வீடு காலி என்று தெரிந்தது. ஊரின் மேற்குக் கோடியில், கோட்டைக்குப் போகிற ரோட்டில். சந்தடி கிடையாது, புகை கிடையாது. தினமும் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய் வரலாம்.

"வேல ஒரு ஊரு, வூடு ஒரு ஊரா? நல்லாருக்குதே கத!" என்றாள் மனைவி மருதேவி. அவள் காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்தவள். கண்ணுக்கெட்டிய தூரம் ஏரியும் வயலுமாகச் சமதளமான பூமி. செஞ்சியின் இந்தப் பாறைமலைகளையெல்லாம் அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"இந்த ஒண்ணு மட்டும் வுட்டுக்குடு மருதேவி. இனிமே உன்கிட்ட நான் எதுக்கும் மல்லுக்கு நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார் சாந்திராஜ். சொன்ன வாக்கையும் காப்பாற்றினார். அங்கேதான் வந்தது வினை!

காற்று வேலை செய்தது. பொய் சொல்லக்கூடாது, ஐப்பசி மழை ஓய்வதற்குள் பூனைக்குட்டி ஓடிப்போய்விட்டது. குழந்தை வாயை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் அவள் வெறும் வயிற்றோடு தூங்கினாள்.

சமணர்களான நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு அடுப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழு சோற்றில் விழுந்து சாகும், அந்தப் பாவம் வேண்டாம் என்று வழிவழியாக வருகிற விரதம். பல்லாவரத்தில் இது ஒரு சங்கடமாகவே இருந்ததில்லை. சாயங்காலம் கிடங்கைப் பூட்டிவிட்டு வந்தால் வெயில் இருக்கும்போதே மூன்று பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். சாந்திராஜ் சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை மகள் கையில் வைப்பார். அது இல்லாமல் சந்தனா சாப்பிட்டதே கிடையாது.

இப்போது பஸ்ஸை நம்பிப் பிழைப்பு. வல்லம் தாண்டும்போது சூரியன் எதிரே நின்று டிரைவர் கண்ணைக் கூசவைக்கும். "இன்னிக்குப் புடிச்சிடலாம்" என்று சாந்திராஜ் சீட்டு நுனிக்கு வந்துவிடுவார். செஞ்சி நெருங்க நெருங்க, அந்தப் பாழாய்ப்போன சூரியன் நழுவி, கோட்டை இருக்கிற ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விடும். பஸ் நின்றதும் டிபன் கேரியர் கடகடக்க ஓடுவார், ஓடுவார், வீடு வரைக்கும் ஓடுவார். அங்கே மருதேவி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வரக்கூடாதா?" என்பாள். கோபம் பாதி, அழுகை பாதி.

"பாப்பா சாப்ட்டாளா?"

"எங்க சாப்ட்டா? நைனா வரட்டும், நைனா வரட்டும்னு வாசல்லயே நின்னா."

சின்னக் குழந்தைக்கு விரதம் இல்லையென்று மருதேவி ஒரு டம்ளர் பாலை நீட்டுவாள். சந்தனா உதட்டைப் பிதுக்குவாள். "நைனாக்கு இல்லாதது எனக்கும் வாணாம்." ஏழு வயசுக்கு இத்தனை வைராக்கியம்! அப்பனுக்கு இல்லாத பிடிவாதமெல்லாம் மகளுக்கு வந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஜெயம் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "இன்னாக்கா, பட்டப்பகல்லயே சட்டிய கவுத்துட்டீங்க?" கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து மருதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாந்திராஜும் ஒருதரம், "வெளிச்சம் இருக்குதே மருதேவி..." என்று மெல்ல இழுத்தார்.

"வெளிச்சம் வேற, சூரியன் வேற. மறஞ்சா மறஞ்சதுதான்."

அவர் வாயை மூடிக்கொண்டார். மல்லுக்கு நிற்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவரல்லவா! கொஞ்சம் முன்னாடி கிளம்பவிடும்படி மேனேஜரைக் கேட்டுப் பார்த்தார். சாயங்கால லாரியில் வருகிற சரக்கை யார் இறக்கிவைப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மார்கழி பிறந்தபோது சந்தனாவின் கன்னம் ஒட்டியிருந்தது. பாவாடை நாடாவை இன்னும் இழுத்துக் கட்டவேண்டியிருந்தது. மருதேவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "தை பொறந்ததும் பல்லாவரம் போயிடலாம். இளப்பு வந்தா மருந்து இருக்குது. பட்டினிக்கு இன்னா மருந்து?"

சாந்திராஜ் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. இந்த நெஞ்சை மறுபடி அந்தப் புகையில் கொண்டுபோய் வைப்பதா? மறுத்துப் பேசவிடாமல் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது.

"ஊர வுட்டுப் போறதுக்கு முன்னாடி கோட்டைய ஒருவாட்டி காட்டுங்க நைனா" என்று சந்தனா கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினார்கள். குழந்தை வழியில் பசிக்கிறது என்பாளே என்று மருதேவி கொஞ்சம் புளிச்சோறு கட்டிக்கொண்டாள். ராஜகிரி படிகளில் பெரியவர்கள் இரண்டு பேரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏற, சந்தனா முன்னால் ஓடினாள். அவள் மூச்சு வாங்கும் ஒவ்வொரு தடவையும் சாந்திராஜ் நின்று காது கொடுத்துக் கேட்டார். ஓடுகிற பிள்ளையின் சாதாரண மூச்சுதான் அது. சந்தோஷத்தில் அவரும் இரண்டு படி தாவி ஏறினார். தை மாசம் நினைவுக்கு வந்ததும் வேகம் குறைந்தது.

உச்சியில் இடிந்த கட்டடங்களைச் சுற்றிச் சுற்றி வந்ததில் நேரம் போனது தெரியவில்லை. மருதேவி கிழக்கே, ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"ஐயையோ! ஊரெல்லாம் நெழல் கட்டிடுச்சு. பொழுது போயிடுச்சுங்க! கட்டியாந்த சோறும் வீணு."

"அம்மா, இந்தப் பக்கம் வந்து பாரேன். கண்ணு கூசுது!" என்று சந்தனா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூவினாள்.

மருதேவி சுவரைச் சுற்றி வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. மேற்கே அடிவானத்துக்கு மேலே, கையை நீட்டினால் ஒரு சாண் உயரத்தில், சூரியன் முழுசாக உட்கார்ந்திருந்தது. அவள் திரும்பி ஓடி ஊரைப் பார்த்தாள். மலையின் நிழல் கருப்பாக நீண்டு அவர்கள் தெருமேல் படுத்திருந்தது. நிழலுக்கு அப்பால், வல்லம் போகிற ரோட்டில் நல்ல வெயில்.

அவள் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம வூட்டுலேர்ந்து பாத்தா மறஞ்சிடுச்சில்ல?" என்றாள். கேட்கும்போதே குரல் உடைந்தது.

சாந்திராஜ் கொடுத்த வாக்கை அங்கேயே மலையிலிருந்து உருட்டிவிட்டார். "நம்ம வூட்டுக்குன்னு சூரியன் தனியா மறையுமா மருதேவி? அது மலைக்கு அந்தாண்ட இருந்திருக்குது. தெனம் நான் ஓடியாந்தப்பல்லாம் இருந்திருக்குது."

"ஜெயம் சொன்னாளே... நான்தான் மூஞ்சியத் திருப்பிக்கினேன். மூணு மாசமா கொழந்தைய நானே பட்டினி போட்டுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நானும் வாயத் தொறக்கல. நீ மட்டுமா?"

"அப்புறம் அழலாம்மா. சோத்து மூட்டையப் பிரி, பொழுது போயிடும்!" என்றாள் சந்தனா. மருதேவி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். சாந்திராஜ் கையைக் கழுவி ஓர் உருண்டை பிடித்து மகள் கையில் வைத்தார். அவள் அதை முழுங்கிவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினாள். மூன்று பேர் முகத்திலும் வெயில் அடித்தது. தின்று முடித்து, வெளிச்சம் இருக்கும்போதே கீழே இறங்கினார்கள். வழியெல்லாம் பல்லாவரத்தின் பேச்சே எழவில்லை.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல வல்லத்தில் சூரியன் டிரைவரைக் கூசவைத்தது. வழக்கம்போல செஞ்சியில் மலைக்குப் பின்னால் போனது. சாந்திராஜுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் என்ன, கால்கள் பழக்கத்தை விடவில்லை. கேரியர் கடகடக்க ஓடிவந்தார்.

தெருமுனையில் மருதேவி நின்றிருந்தாள். கையில் சோறு கிளறிய கரண்டி. பக்கத்தில் சந்தனா. அக்கம்பக்கம் பார்க்காமல், வெட்கப்படாமல், தெருவே கேட்கும்படி மருதேவி கத்தினாள்.

"ஓடாதீங்க! இன்னும் இருக்குது!"