பூஜையில் வைத்த யுகுலேலே

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு வெள்ளைக்காரம்மா வாடகைக்கு இருந்தார். ஆசிரமத்தைப் பார்க்க வந்தவர், மழைக்காலம் தாண்டியும் போகவில்லை. அவரிடம் யுகுலேலே என்று ஒரு வாத்தியம் இருந்தது. நாலே தந்தி. 'கிடார் போட்ட குட்டி' என்பாள் அத்தை.

ஸ்கூல் விட்டதும் நான் மாடிக்கு ஓடிவிடுவேன். தந்திகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கிற கார்டுகளில் மேஜர், மைனர் எல்லாம் வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன மைனர் செவன்த் மட்டும் வரவில்லை. நான்கு விரலும் நான்கு தந்தியை ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். என் சுண்டுவிரல் வழுக்கிக்கொண்டே போகும். அவர் வாசித்தால், அழுகிறவளைச் சிரிக்கவைத்த மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்கு அது வந்தே ஆகவேண்டும்.

அதனால்தான் சரஸ்வதி பூஜையன்று அவரிடம் யுகுலேலேவைக் கேட்டு வாங்கிவந்து, என் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்தேன். சந்தனம், குங்குமம் இட்டு அப்பா கற்பூரமும் காட்டிவிட்டார். நாங்கள் பொரிகடலை தின்றுகொண்டிருந்தபோது வெள்ளைக்காரம்மா மூட்டையும் முடிச்சுமாக இறங்கிவந்தார். ஊரில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்ததாம். வாசலில் ஆட்டோ நின்றது. யுகுலேலேவைக் கேட்டுக் கையை நீட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடாமல் எடுக்க முடியுமா?

"இன்னிக்கு அதத் தொடவே கூடாதுங்க. காலைல வாங்கிக்கங்க" என்று அப்பா கைகூப்பினார். வெள்ளைக்காரம்மா ஆட்டோவைக் காட்டினார். அப்பா சாமி படத்தைக் காட்டினார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் என்னால் வந்த வினை.

அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நேராகப் போய் அதை எடுத்தாள்.

"அடியேய்!" என்று கத்தினார் அப்பா.

அம்மா அதை மார்போடு அணைத்து, நான்கு விரலையும் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

மைனர் செவன்த்! பிசிறில்லாத மைனர் செவன்த்!

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ரேடியோவைக்கூடத் திருகத் தெரியாதவள் என்று நாங்கள் கேலி செய்கிற அம்மா!

"சரஸ்வதி எறங்கிட்டாடா தம்பி! கற்பூரத்தக் கொளுத்துடா!" என்று அலறினாள் அத்தை.

அப்பா தடாலென்று அம்மா காலில் விழுந்தார். "தாயே, என்ன செய்யணும், சொல்லு."

"அவங்க பொருள அவங்ககிட்ட குடுத்துடு."

அம்மா, அப்பாவைப் பார்த்து, 'குடுத்துடு'! அப்பா இரண்டு கையாலும் வாங்கி அப்படியே கொடுத்துவிட்டார்.

நான் ஸ்கூலில் இருந்த பகல்களில் அம்மாவும் மாடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அன்று எங்களில் ஒருத்தருக்கும் அப்படித் தோன்றவில்லை. ஆட்டோ மறைந்த பிறகும் அம்மா வாசலிலேயே நின்று தேம்பித் தேம்பி அழுதாள். "சாமி மலையேறிடுச்சு" என்று அத்தை அவள் நெற்றியில் விபூதி பூசினாள். சாமி போனால் அழுகை வரும்போல என்று நினைத்துக்கொண்டு, நான் மிச்சப் பொரியைத் தின்னப் போனேன்.