ஏலகிரி ஏரியில் அவிழ்ந்த பொட்டலம்

வாழை நாரால் கட்டிய ஒரு சின்ன இலைப் பொட்டலம், ஏரித் தண்ணீரில் மிதந்து போய் மெல்ல அவிழ்ந்தது. அதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து போனதிலேயே எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. என் அக்கா மனம் நோகுமே என்ற பயம்தான். இப்போது அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார், என் மனைவியும் இல்லை. நான் அதிகம் படித்தவன் அல்ல. தெரிந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், பிழைப்புக்காக வெளி மாநிலம் போய் நீலசந்திராவில் குடியிருந்தோம். எனக்கு பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. என்னோடு வேலை பார்த்த, கல்யாணமாகாத ஆட்களுக்கும் சேர்த்து என் மனைவிதான் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். விடிவதற்கு முன் ஸ்டவ் பற்ற வைத்தால், இரவு நான் வந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் அணையும். அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பிறகு கம்பெனியில் சேர்ந்தாற்போல் லீவு விட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் எங்கும் போனதில்லை. ஏரியும் குளிருமாக ஓர் ஊருக்குப் போய் வரலாம் என்று பேச்சு எழுந்தது. நான் ஏற்காடு என்றேன். அவள் ஏலகிரி என்றாள்.

ஏற்காடு போக சேலத்தில் இறங்க வேண்டும். சேலத்தில் அக்கா வீடு. அங்கே தங்காமல் மலை ஏறினால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. தங்கினாலோ, நாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா, "என் தம்பி பொண்டாட்டி கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்று கரண்டியை இவள் கையில் கொடுத்துவிடுவார். அது பிரியம்தான். ஆனால் அந்த வீட்டில் பந்திக்கு உட்காருகிற அளவுக்கு ஆட்கள்.

"அக்கா வீட்டு அடைக்காகவாவது ஏற்காடு போகணும்" என்றேன்.

பத்து வயது மகள் சிரித்தாள். "அத்தை வீட்டு அடையையும் அம்மாதானேப்பா சுடும்? அதுக்கு சும்மா இங்கயே சுட்டுத் தின்னலாமே!"

நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் எதற்கும் முருகனிடம் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். சிவப்பு வந்தால் ஏற்காடு, வெள்ளை வந்தால் ஏலகிரி என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் நந்தியாவட்டை வைத்துக் கட்டச் சொன்னேன், மனைவி இரண்டு பொட்டலம் கட்டினாள். படத்துக்கு முன் குலுக்கிப் போட, மகள் ஒன்றை எடுத்தாள். வெள்ளை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரிலோ நல்ல ஏரியிலோ விட வேண்டும் என்பது நான் விடாமல் பிடித்துவந்த முறை. எங்கள் பக்கத்து ஏரியில் சாக்கடை கலந்திருந்தது. சாமி பூவை அதில் விட மனமில்லாமல் பையில் வைத்துக்கொண்டேன். மனைவி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரயிலில் ஜோலார்பேட்டை போய், பஸ்ஸில் மலை ஏறினோம். ஏரிக்கரையில் அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மெஸ்ஸில் யாரோ வடித்த சோற்றை ஒவ்வொரு வாயாக நிதானமாகச் சாப்பிட்டிருந்தாள். நான் சும்மா இருக்காமல், "நாளைக்கு அப்படியே சேலம் போய் அக்காவைப் பாத்துட்டுப் போயிடலாம்" என்றேன். அவள் காலை மடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் பொட்டலம் ஞாபகம் வந்து, முருகா என்று தண்ணீரில் விட்டேன். நார் இளகி இலை விரிந்தது. உள்ளே நந்தியாவட்டை. வாடியிருந்தது, ஆனால் வெள்ளை.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "சாமி விஷயத்துல வெளையாடிட்டியேடி!"

அவள் ஏரியைப் பார்த்தபடியே சொன்னாள். "சாமிகிட்ட முன்னாடியே சொல்லிட்டுத்தாங்க கட்டினேன். உங்ககிட்டதான் சொல்ல முடியல."

"என்னத்த?"

"சொன்னா உங்க அக்காவைக் கொற சொல்ற மாதிரி ஆயிடும். அவங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் அடுப்பு மூஞ்சில முழிக்காம இருக்கணும்னு தோணுச்சு. அவ்ளோதான்."

கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அவளுக்காக அல்ல, எனக்காக. அதற்கப்புறம் அந்தப் பயணத்தில் சேலம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. மறுநாள் காலை அவள் பழக்கத்தில் விழித்து, இருட்டில் தீப்பெட்டியைத் தேடிக் கை துழாவி, லாட்ஜ் என்று ஞாபகம் வந்து, மறுபடி படுத்துத் தூங்கிப்போனாள். ஊர் திரும்பியதும் பழையபடி ஸ்டவ், சாப்பாடு, ஷிப்ட். இன்னொரு லீவில் ஏற்காடும் பார்த்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அப்படி ஒரு லீவு வாய்க்கவே இல்லை.

இரண்டும் வெள்ளை என்பதை மட்டும் நான் கோயிலில் யாரிடமோ சொல்லியிருக்கிறேன். அது எப்படியோ வளர்ந்து, அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தில் சம்பந்தி வீட்டார் ஒருவர், முருகன் சிவப்பை வெள்ளையாக மாற்றிக்காட்டினான் என்று கை கூப்பிச் சொன்னார். எல்லோரும் உருகினார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் நானே ஸ்டவ் பற்ற வைத்து, எனக்கு மட்டும் ஒரு டம்ளர் காபி போடுகிறேன். அதற்கே அலுப்பாக இருக்கிறது.

முருகன் மாற்றக்கூடியவன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் நான் பார்த்தது வேறு. இதை யாரிடமாவது சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள், அழகுக்காகக்கூட ஒன்றும் சேர்க்க வேண்டாம். பூ நிறம் மாறவில்லை. இரண்டிலும் அவள்தான் வெள்ளை வைத்துக் கட்டினாள். அவள் களைத்துப்போயிருந்தாள்.