ஓவரோல் போட்டுப் படித்த பிள்ளைகளும் எங்கள் அக்காவும்

வடமராட்சியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, லண்டன் கோலியர்ஸ் வூட்டில் முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து, பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் இருக்க அமைதியாகக் கண்மூடிய எங்கள் அக்காவைப் பற்றி இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் எழுதும்படி மருமக்கள் என்னைக் கேட்டார்கள். நான் அவருடைய கடைசித் தம்பி. ஓம் என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசித்தேன். அக்காவைப் பற்றி உள்ளபடி எழுதினால் சில இடங்களில் நான் அசடு வழிய வேண்டிவரும். பரவாயில்லை, எழுதுகிறேன்.

எனக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குத் தலை வாரிவிட்டதும், குட்டு வைத்ததும் அக்காதான். தையல் படித்து, ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் தையல் ரீச்சராகச் சேர்ந்தார். கண்டிப்பான ரீச்சர். காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஒரு நாள் ஒரு பிள்ளை பூப்போட்ட சட்டையோடு வந்தது. "வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பிள்ளை மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிறகு போரால் இடப்பெயர்வு வந்து ஊரே சிதறிவிட்டது. அந்தப் பிள்ளை எங்கே போனது என்று அக்காவால் கடைசிவரை அறிய முடியவில்லை. அவருடைய வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டங்கள் இருந்தன. ஆனால் அவர் மனத்தை அரித்தது இது ஒன்றுதான்.

லண்டனுக்கு வந்தபின் அத்தானுக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை, அக்காவுக்கு உடுப்புத் தைக்கும் இடமொன்றில் வேலை. பிள்ளைகள் வளர்ந்ததும் வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைக் கட்டையாக்கியும் நீட்டியும் கொடுத்தார். அக்காவின் கையால் போன உடுப்பில் ஒரு நூல் தொங்காது.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்து ஆரம்பப் பாடசாலையிலிருந்து ஒரு வேலை வந்தது. அமெரிக்க நாட்டுப்புறப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றிப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள், பன்னிரண்டு ஓவரோல் வேண்டும் என்றார் நாடக ரீச்சர். மார்பை மூடும் துண்டும் இரண்டு தோள்பட்டிகளும் வைத்த முரட்டு நீலத் துணிக் காற்சட்டை. அக்கா அருமையாகத் தைத்தார். தைத்ததோடு விட்டாரா? பள்ளிக்கூடத்துக்குப் போகும் உடுப்பல்லவா என்று பன்னிரண்டையும் தோய்த்து, சோற்றுக் கஞ்சி போட்டு, கால் இரண்டிலும் கத்தி மாதிரி மடிப்பு வைத்து அயன் பண்ணிக் கொடுத்தார். ஒத்திகையில் பிள்ளைகள் வாங்கில் உட்கார முடியாமல் பலகை போல நின்றார்களாம். நாடக ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் விடிய எழும்பி மாடு கறந்து, கோழிக்குத் தீன் போட்டுவிட்டு, அதே உடுப்போடு வகுப்புக்கு வந்தவர்கள் என்று விளக்கினாராம். அக்கா பன்னிரண்டையும் திரும்பச் சுமந்துவந்து, கஞ்சி போகக் கழுவி, முழங்காலில் ஒட்டுத் துணி வைத்தார். அந்த ஒட்டும் பன்னிரண்டிலும் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருந்தது. ரீச்சர் மறுபடியும் சிரித்தாராம்.

மாதிரிக்கென்று அந்த ரீச்சர் கொடுத்த பழைய வகுப்புப் படமொன்று அக்காவிடமே தங்கிவிட்டது. மரப்பலகையால் கட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். முன்வரிசைப் பையன்கள் எல்லோரும் ஓவரோல். பாதிப்பேருக்குக் காலில் சப்பாத்து இல்லை. பின்னால் ரீச்சர் துப்புரவாக உடுத்திக்கொண்டு நிற்கிறார்.

"இந்த ரீச்சரைப் பார், தம்பி," என்றார் அக்கா. "தான் வடிவா உடுத்திக்கொண்டு நிக்கிறா. ஆனா பிள்ளையளை வந்தபடி உள்ளுக்கு விட்டிருக்கிறா."

"அது அமெரிக்கா அக்கா. எங்கடை ஊர் வேறை."

"ஓமடா, ஊர் வேறை. பிள்ளை பிள்ளைதானே?"

அன்றிலிருந்து அக்காவுக்கு ஓவரோல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நாங்கள் பகிடி பண்ணினோம். நூலகத்தில் இருந்து புத்தகம் புத்தகமாக எடுத்துவந்து, மகளை இங்கிலீசு வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தமிழில் ஒரு கொப்பியில் எழுதினார். தகப்பன்மார் வயலுக்குப் போட்ட வேலையுடுப்புத்தான் அளவு குறைந்து பிள்ளைகளுக்கு வந்தது என்று அதில் எழுதியிருக்கிறார். தாய்மார் இரண்டு அளவு பெரிதாகவே வாங்கினார்கள். பிள்ளை வளர வளரத் தோள்பட்டியை நீட்டி, மடித்துவிட்ட கால் விளிம்பை ஒவ்வொரு மடிப்பாக இறக்கினார்கள். அண்ணனுக்குக் கட்டையானது தம்பிக்குப் போனது. வசதிப்பட்டவர்கள் பள்ளிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மாவுச் சாக்குத் துணியில் தைத்த சட்டை. இந்தப் பகுதியில் அக்கா துணியின் நெசவையும் தையலையும் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். அதை வாசிக்க என்னைப் போன்றவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

எல்லாவற்றையும் இனிப்பாக எழுதினார் என்று நினைக்க வேண்டாம். பட்டணத்துப் பள்ளிகளில் ஓவரோல் போட்ட பிள்ளைகளை நக்கலடித்ததையும், போட உடுப்பே இல்லாமல் வீட்டில் நின்ற பிள்ளைகள் இருந்ததையும் எழுதினார். பிற்காலத்தில் பஸ் வந்து நாட்டுப்புறப் பிள்ளைகளைப் பெரிய பள்ளிகளுக்கு ஏற்றிப்போகத் தொடங்க, வெட்கப்பட்டு ஓவரோலைக் கழற்றி, இடுப்புப்பட்டி போட்ட காற்சட்டைக்கு மாறினார்கள் என்றும் எழுதினார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், 'முதலில் வெட்கப்பட வைத்தது யார்?' என்று பென்சிலால் குறித்திருக்கிறார்.

இனி என் பங்குக்கு வருகிறேன். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு அப்போது நான் செயலாளர். பிள்ளைகள் கண்டபடி உடுத்து வருகிறார்கள், சீருடை இல்லாவிட்டால் வகுப்புக்குள் விடுவதில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். புதிதாக இந்த நாட்டுக்கு வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள் வாராவாரம் ஒரே கம்பளி ஜம்பரோடு வந்தது என் கண்ணில் குத்தியது என்பதே உண்மை. பலரும் தலையாட்டினார்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிவந்திருந்த அக்கா பின்வரிசையில் இருந்து எழும்பினார்.

"செயலாளர் ஐயாவிட்டை ஒண்டு கேக்கலாமோ?" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நான் ஊரிலை ரீச்சரா இருக்கேக்கை ஒரு பிள்ளையைச் சட்டையைப் பாத்துத் திருப்பி அனுப்பினனான். அவவிட்டை வெள்ளைச் சட்டை இருந்ததோ எண்டு கேக்கவே இல்லை. அவ பிறகு வரேல்லை. இண்டைக்கு உயிரோடை இருக்கிறாவோ எண்டும் எனக்குத் தெரியாது. நீங்கள் படிப்பிக்கத்தானே இந்தப் பிள்ளையளைக் கூப்பிட்டனீங்கள்? என்னத்தைப் போட்டுக்கொண்டு வந்தாலும் படிப்பியுங்கோவன்."

நான் பிறந்ததிலிருந்து அக்காவை அறிவேன். அந்தக் கதையை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது இரண்டே இரண்டு கைகள்தான் எழும்பின. அதில் ஒன்று என்னுடையது. ரோஷம். இரண்டு கிழமை அக்காவோடு கதைக்கவில்லை. மூன்றாவது கிழமை அவர் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி அனுப்பினார். ரோஷம் அதோடு முடிந்தது. அந்த இரண்டு பிள்ளைகளும் இன்று அதே பாடசாலையில் சிறிய வகுப்புக்குப் படிப்பிக்கிறார்கள் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன்.

அத்தான் போன பிறகும் அக்கா நிறைவாகத்தான் வாழ்ந்தார். கடைசி எட்டு மாதமும் கட்டிலோடு இருந்தபோது கவுன்சில் ஒழுங்குசெய்த, நோயாளரைப் பராமரிக்கும் கெயரராக, மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண் காலையும் மாலையும் வந்து போனார். அக்காவைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டது அவர்தான். அக்கா கேட்டால் ஓவரோல் கொப்பியை வாசித்தும் காட்டுவார். சண்டை பிடித்துக்கொள்வார்கள், உடனே சிரித்துக்கொள்வார்கள். தன் மகளிடம் அக்கா, "எனக்கு ஒரு குறையும் இல்லைப் பிள்ளை" என்று சொன்னது போகுமுன் சொன்ன கடைசிப் பேச்சுகளில் ஒன்று.

இறுதிக் கிரியை நாளன்று தகனசாலை வாசலில் நின்று வருபவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லோரும் வெள்ளையும் கறுப்புமாக வந்தார்கள். சற்றுத் தள்ளி, மழைத்தூறலில், நீல வேலைச் சட்டையோடு ஒரு பெண் நின்றார். செத்த வீட்டுக்கு இதுவா உடுப்பு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கிட்டப் போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கெயரர்.

"ஏன் பிள்ளை வெளியிலை நிக்கிறியள்?"

"ரெண்டு ஷிப்டுக்கு நடுவிலை ஓடிவந்தனான் ஐயா. உடுப்பு மாத்த நேரமில்லை. இதிலை நிண்டு கும்பிட்டுட்டுப் போறன்."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முன்வரிசையில், அக்காவின் மகளுக்குப் பக்கத்தில் இருத்தினேன். மகள் அவருடைய தோளில் சாய்ந்து அழுதாள்.

அக்காவின் நோயிலும் மறைவிலும் எங்களோடு நின்ற வைத்தியர்கள், தாதியர், அயலவர்கள், சமைத்துக் கொண்டுவந்து தந்தவர்கள், தேவாரம் பாடியவர்கள், தொலைவில் இருந்து அழைத்து ஆறுதல் சொன்னவர்கள், அக்காவின் கொப்பியை இந்த மலரின் பின்பக்கங்களுக்குத் தட்டச்சுச் செய்து தந்த பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அந்தக் கெயரருக்கு நன்றியோடு, நான் அவரைப் பார்த்த முதல் பார்வைக்காக மன்னிப்பும் கேட்கிறேன். இன்றைய மதியச் சாப்பாட்டுக்கும் அவர் ஷிப்டுக்கு நடுவில்தான் வருவார். பிள்ளைகளின் வரிசையிலேயே அவருக்கும் இலை போட்டிருக்கிறோம்.