புகையில்லாத வருஷப் பிறப்பு

இந்த நாட்டில் சித்திரை வருஷப் பிறப்பு வந்தால் அடுப்புகள் அணைந்துவிடுகின்றன. ஊரில் இருக்கும் நீங்கள் இதை நம்ப மாட்டீர்கள். நமக்குப் பண்டிகை என்றால் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, மாங்காய்ப் பச்சடியும் வடையும் பாயசமுமாக மத்தியானம் வரை அதை அணைய விடுவதில்லை. இங்கே சிங்களவர்கள் பழைய வருஷம் போய்ப் புது வருஷம் வரும் இடைவேளையில் ஆக்குவதில்லை, உண்பதில்லை, எந்த வேலையிலும் கை வைப்பதில்லை. சோதிடர் குறித்த நேரம் வந்த பிறகுதான் வீட்டுக்காரி புது நெருப்பு மூட்டுவாள். நாவலப்பிட்டியில் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தால் அன்று பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு கூரையிலும் புகை இருக்காது. ஒன்பது வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன். என் வகுப்புப் பெண்களுக்கும் ஒரு விநோத வழக்கம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதன் கனம் என்ன என்று இந்த வருஷம்தான் தெரிந்தது.

என் மகள் சரசு கண்டியில் ஒரு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வருஷப் பிறப்பு விடுமுறைக்கு அவளை அழைத்துவர நான் போயிருந்தேன். கணவர் கடைக் கணக்கை விட்டு வர முடியவில்லை. இது மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்து ஆட்களைக் கொண்டுபோன வருஷம். பஸ்ஸில் ஏறும்போதே பிள்ளையின் கை சுட்டது. டிஸ்பென்சரியில் கொடுத்த கொயினா மாத்திரை பையில் இருந்தது. எப்படியாவது வீடு சேர்ந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். பேராதனை தாண்டிக் கம்பளைக்குப் போகும் பாதையில் டிரைவர் ஒரு சந்தியில் பஸ்ஸை நிறுத்தினான். நேரம் வருகிறதாம், அவன் வீடு பக்கத்தில்தானாம், மறுநாள் காலையில்தான் இனி வண்டி எடுப்பானாம். எல்லாரும் முணுமுணுக்காமல் இறங்கிப் போனார்கள். கோபித்துக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

கூட இறங்கியவர்களில் பண்டா என்பவர், கண்டியில் மஹய்யாவைப் பகுதித் தமிழர் கடைகளுக்கு வெற்றிலை கொண்டுபோய்ப் போட்டுத் தமிழ் பழகியவர். "அக்கா, இங்க நிக்க வேணாம். மழ வரும். வீட்டுக்கு வாங்க, கிட்டத்தான்" என்றார். அவருடைய வீடு வயல்வெளிக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. அவர் மனைவி மெனிகே என்னைவிட மிகவும் இளையவள். ஆறு மாதக் கர்ப்பிணி. ஒரு வார்த்தை கேட்காமல் சரசுக்குப் பாய் விரித்து, இருந்த நல்ல போர்வையை எடுத்துப் போட்டாள். சமையலறையில் சாம்பலை வாரி, அடுப்பைச் சாணமிட்டு மெழுகி, விறகு அடுக்கி, பாலுக்கு ஒரு புதுச் சட்டியும் தயாராக வைத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் பண்டா அயலவர்களோடு விகாரைக்குப் போனார். எங்களுக்காக மெனிகே வீட்டில் தங்கினாள்.

மத்தியானத்துக்கு மேல் குளிர் பிடித்தது. இந்தக் காய்ச்சலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பற்கள் அடித்துக்கொள்ள, பாய் நடுங்க, "அம்மா, எலும்புக்குள்ள குளிருதும்மா" என்றாள் பிள்ளை. கொயினாவைக் கொடுத்தேன். வெறும் வயிறு, பச்சைத் தண்ணீர்; உடனே வாந்தி எடுத்துவிட்டாள். இருந்தது இன்னும் ஒரு மாத்திரை. கொஞ்சம் சுடு கஞ்சியோ கொத்தமல்லித் தண்ணீரோ உள்ளே போனால்தான் அது தங்கும். அது தங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த மாதங்களில் எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் பார்த்திருந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் நான் வளர்ந்த தெருவில் நெருப்புக்கு யாரும் முறை பார்த்ததில்லை. நம் அடுப்பு அணைந்துவிட்டால் தேங்காய் மட்டையோடு அடுத்த வீட்டுக்குப் போவோம். அவர்கள் பேச்சை நிறுத்தாமலே இரண்டு கங்கை எடுத்துப் போடுவார்கள். எனக்குத் தெரிந்த நெருப்பு அதுதான். கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சமையலறைக்குள் போய், மாடத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அந்த மெழுகிய அடுப்பின் முன் உட்கார்ந்தேன்.

மெனிகே ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எபா, அக்கே, எபா" என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்தது கடையில் பேசும் அளவு சிங்களம்தான். அதுவும் அப்போது வாயில் வரவில்லை. "உன் புள்ளையா இருந்தா பாத்துக்கிட்டு இருப்பியா?" என்று தமிழிலேயே கேட்டேன். அவள் என் கையை விடாமல், மற்றக் கையைத் தன் வயிற்றின் மேல் வைத்து என்னைப் பார்த்தாள். நானும் தாயாகப் போகிறவள்தான், உன் வேதனை எனக்குத் தெரிகிறது என்று சொல்கிறாள் என்றே நினைத்தேன். அப்படியானால் ஏன் தடுக்கிறாய் என்று ஆத்திரம் வந்தது. அறையிலிருந்து சரசு முனகினாள். மெனிகே அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள். பிறகு என் விரல்களிலிருந்து தீப்பெட்டியை மெல்ல எடுத்தாள். என்னை நகரச் சொல்லி, கூந்தலை முடிந்து, அவளே குச்சியைக் கிழித்தாள்.

கஞ்சி கொதித்தது. கொத்தமல்லித் தண்ணீரும் போட்டாள். பிள்ளை சிறிது சிறிதாகக் குடித்தாள். கொயினா வயிற்றில் தங்கியது. அப்போதுதான் வெளியே பேச்சுக் கேட்டது. விகாரையிலிருந்து திரும்பியவர்கள் வேலியோரம் நின்று எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே ஒரு புகை. ஒருத்தி, பண்டா வீட்டுக் கடிகாரத்துக்குப் பசி எடுத்துவிட்டதா என்று கேட்டாளாம். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. பண்டா வேலிப் படலைத் திறந்தபடி அவர்களுக்குச் சொன்னது மட்டும் எனக்கு முழுவதும் விளங்கியது. "அபே ளமயாட்ட சீதலயி." எங்கள் பிள்ளைக்குக் குளிருகிறது என்றார். எங்கள் பிள்ளை.

உள்ளே வந்து மனைவியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். பிறகுதான் வாசலில் உட்கார்ந்து அவர் எனக்கு விளக்கினார். இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கவில்லை. இந்த வருஷம் எந்த வழக்கமும் தவறக் கூடாது என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்துவந்தாள். வருஷத்தின் முதல் நெருப்பு வீட்டுக்காரி கையால் வர வேண்டும். வேற்றுக் கை மூட்டினால் அந்த வீட்டுக்கே ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் என்னை விடாமல், நேரம் தவறினாலும் தானே மூட்டினாள். வயிற்றில் கை வைத்து அவள் என்னிடம் சொன்னது ஆறுதல் அல்ல, கெஞ்சல்.

அந்த நெருப்பை அணைத்துவிட்டு, மறுபடி மெழுகி, நேரம் பார்த்துப் புதிதாக மூட்டலாமே என்று ஒருவாறு கேட்டேன். பண்டா அதை அவளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

"ஏலாதாம், அக்கா. ஒரு புள்ளைக்காகப் பத்த வச்ச நெருப்ப இன்னொரு புள்ளைக்காக அணைக்க ஏலாதாம்" என்றார்.

மாலையில் குறித்த நேரத்தில் மலையெங்கும் பட்டாசு வெடித்தது. கூரைகள் ஒவ்வொன்றாகப் புகைந்தன. மெனிகே புதுச் சேலை உடுத்தி, சொல்லப்பட்ட திசையைப் பார்த்து நின்று, எரிந்துகொண்டிருந்த அதே நெருப்பில் பால் சட்டியை வைத்தாள். பால் பொங்கியது. பாற்சோற்றை வெட்டி முதல் துண்டைச் சரசுவின் வாயில் ஊட்டினாள். பிள்ளைக்கு வேர்த்திருந்தது. மறுநாள் காலை பஸ் ஏறும்போது மெனிகே என் கையில் எண்ணெய்ப் பலகாரப் பொட்டலத்தை வைத்தாள். அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

சரசு தேறிவிட்டாள். கயிறு தாண்டிக் குதிக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் சரியில்லை. என் கணவர், "படிச்சவ நீயே நேரங்காலம்னு பயந்தா பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுப்ப?" என்கிறார். அவர் சொல்வது சரி. நல்ல நேரம் கெட்ட நேரத்தில் எனக்கு எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை. எனக்காக இன்றும் இல்லை. ஆனால் மெனிகேக்காக இருக்கிறது. அவள் அச்சத்தை அவளிடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் போலும். அவளுக்கு ஆடியில் பேறுகாலம். இப்போது ஆனி நடக்கிறது.

எங்கள் வீட்டுச் சுவரில், திருநெல்வேலியிலிருந்து வரும் பஞ்சாங்கம் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஊரில் நம் வீட்டு விசேஷங்களையும் திதிகளையும் அதில்தான் பார்க்கிறோம். சென்ற வாரம் கடைத்தெருவில் ஒரு சிங்களப் பஞ்சாங்கம் வாங்கி அதே ஆணியில் மேலாக மாட்டினேன். அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. மெனிகேயின் மாதம் எது என்று பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாளைக் கேட்டு மூலையை மடித்து வைத்திருக்கிறேன். அம்மாவின் திதி பார்க்க வேண்டுமானால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அடியில் இருப்பதைப் புரட்ட வேண்டியிருக்கிறது.