முதுகுக்குப் பின்னால் ஒரு அலுமாரி

எங்கள் வெம்பிளி நூலகத்துக்கு வலைப்பூ தொடங்கச் சொன்னது நிர்வாகம். ஊழியர் கணினிகளில் வலைப்பூக்களைத் தடுத்து வைத்திருப்பதும் அதே நிர்வாகம்தான்.

ஆகவே இன்று என் சொந்த நூலக அட்டையில் ஒரு மணி நேரம் பதிந்து, வெம்பிளிச் சனத்தோடு சனமாகப் பொதுக் கணினியில் உட்கார்ந்தேன். யாரும் இரவல் எடுக்காததால் அடுத்த மாதம் அகற்றவிருக்கும் தமிழ்ப் புத்தக அலுமாரியின் படத்தை ஏற்றினேன்.

பக்கத்துக் கணினியில் தினமும் வேலை தேடும் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு தமிழ்ப் புத்தகமோ! எந்த லைப்ரரி, தங்கச்சி?"

"உங்கட முதுகுக்குப் பின்னால, அண்ணை."

திரும்பிப் பார்த்தார். ஐந்து புத்தகங்களோடு போனார்.

அலுமாரி தப்பினாலும் தப்பும். நீங்களும் வாருங்கள், கருத்தும் எழுதுங்கள். பதில் நாளைக்குத்தான்: என் ஒரு மணி நேரம் முடிகிறது, அடுத்தவர் நான் உட்கார்ந்திருக்கும் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.